இழந்தது திரும்பி வராத கதைகள்: அண்மைக்கால சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்வெல், டிசி ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களின் சூப்பர் ஹீரோ காமிக்ஸை நான் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்துவருகிறேன். நண்பர்களும், புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களும், இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் வர நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் உள்ள கருத்துகள் என்னுடையவை. சில இடங்களில் கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் கருத்துச் சொல்ல இயலவில்லை. எதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அந்தந்தத் தொடரை வாசித்த பிறகு இங்கே வரலாம்.

திரைப்படங்கள் இருக்கும்போது காமிக்ஸை எதற்காக வாசிக்க வேண்டும்?

திரையில் செய்ய முடியாத சிலவற்றைத் தாளில் செய்ய முடியும் என்பதற்காக. மார்வெலுக்காக டெனிஸ் கேம்ப் எழுதிய ‘தி அல்டிமேட்ஸ்’ தொடரின் நான்காவது இதழைச் சான்றாகச் சொல்கிறேன். அதில் பக்கங்கள் குறுக்குவாட்டில் நான்கு வரிசைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் ரீட் ரிச்சர்ட்ஸ் என்ற ஒரே மனிதனின் வாழ்வில் வெவ்வேறு காலம் ஓடுகிறது. பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் நான்கு காலங்களும் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஒரே வரிசையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனால் அது தனிக் கதையாக நிற்கிறது. உயிர் நண்பர்களை இழந்து, சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி, கடைசியில் டூம் என்ற இரும்பு முகமூடியைத் தன் முகமாகவே ஏற்றுக்கொண்ட ஒருவனுக்கு நேற்றும் இன்றும் வேறு வேறு அல்ல என்பதை எந்த வசனமும் சொல்லவில்லை. பக்கத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது. நான் அந்த இதழை முதலில் வழக்கம்போல் ஒரு முறை படித்தேன், பிறகு வரிசை வரிசையாக நான்கு முறை படித்தேன். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படித் தன் விருப்பப்படி முன்னும் பின்னும் நடந்து பார்க்கும் உரிமை இல்லை.

முன்கதை எதுவும் தெரியாத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம்?

‘சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ’ என்ற எட்டு இதழ்க் கதையிலிருந்து தொடங்கலாம். டாம் கிங் எழுத, பிரேசிலைச் சேர்ந்த பில்கிஸ் ஈவ்லி வரைய, மாத்தேயுஸ் லோப்பஸ் வண்ணம் தீட்டி 2021 முதல் 2022 வரை வெளிவந்த கதை இது. தந்தையைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்கப் புறப்படும் ரூத்தி என்ற சிறுமிதான் கதையைச் சொல்கிறாள். சூப்பர்கேர்ளை நாம் அந்தச் சிறுமியின் கண் வழியாகவே பார்க்கிறோம். சூப்பர்மேனுக்கும் அவளுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கதை மிக ஆழமாகப் பிடித்திருக்கிறது: அவன் கைக்குழந்தையாகப் பூமிக்கு வந்தவன், இழந்த உலகம் அவனுக்கு நினைவில் இல்லை, அவளோ தன் மக்கள் ஒவ்வொருவராக மடிவதைப் பார்த்து வளர்ந்தவள். ஈவ்லியின் மெல்லிய, நுணுக்கமான கோடுகளை அவசரமாகப் புரட்டிவிட்டுப் போக முடியாது.

அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு ‘அப்சல்யூட் வொண்டர் வுமன்’ முதல் தொகுப்பைத் தருகிறேன்.

அப்சல்யூட் வரிசை என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

2024 அக்டோபரில் டிசி தொடங்கிய தனி வரிசை அது. வழக்கமான பேட்மேன், சூப்பர்மேன் தொடர்கள் ஒருபுறம் அப்படியே நடக்க, டார்க்சைட் என்ற கொடியவனின் ஆற்றலில் உருவான வேறொரு உலகத்தில் அதே நாயகர்கள் புதிதாகப் பிறக்கிறார்கள். அந்த உலகத்தின் இயல்பே அவர்களுக்கு எதிரானது. முதலில் பேட்மேன், வொண்டர் வுமன், சூப்பர்மேன் ஆகிய மூன்று தொடர்கள் வந்தன. 2025 வசந்தத்தில் ஃபிளாஷ், கிரீன் லான்டர்ன், மார்ஷியன் மேன்ஹன்டர் ஆகியவை சேர்ந்தன.

மாற்று உலகக் கதைகள் டிசிக்குப் புதியவை அல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ‘இவன் கௌபாயாக இருந்தால் எப்படி இருக்கும், அவள் ராணியாக இருந்தால் எப்படி இருக்கும்’ என்று உடையை மாற்றிப் பார்த்ததோடு நின்றுவிட்டன. அப்சல்யூட் வரிசையின் ஆசிரியர்கள் ஒவ்வொரு நாயகனிடமிருந்தும் அவன் எதன்மேல் நிற்கிறானோ அதைப் பறித்துவிட்டு, அப்போதும் அவன் அவனாகவே இருப்பானா என்று கேட்கிறார்கள். பேட்மேனிடமிருந்து செல்வத்தையும், வொண்டர் வுமனிடமிருந்து தீவையும் சகோதரிகளையும், சூப்பர்மேனிடமிருந்து, பழைய கதைகளில் பூமியில் அவனை வளர்த்த கென்ட் வீட்டுப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டார்கள். இதைவிட முக்கியமாக, எடுத்ததை ஆறாவது இதழில் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. சூப்பர் ஹீரோ கதையில் நான் இன்று முதலில் பார்ப்பது இதைத்தான்: இழந்தது இழந்ததாகவே இருக்கிறதா?

பணம் இல்லாத பேட்மேன் எப்படிப் பேட்மேனாக இருக்க முடியும்?

ஸ்காட் ஸ்னைடரும் ஓவியர் நிக் டிராகொட்டாவும் இந்தக் கேள்விக்குப் பொறியாளரின் மனத்தோடு பதில் சொல்லியிருக்கிறார்கள். பேட்மேனின் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் இந்த புரூஸ் வெய்ன் உழைக்கும் வர்க்கத்து வீட்டில் வளர்ந்தவன். கட்டுமானமும் நகர அமைப்பும் அவன் தொழில். தந்தை தாமஸ் ஒரு பள்ளி ஆசிரியர்; மாணவர்களோடு மிருகக்காட்சி சாலைக்குச் சென்ற நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறார். தாய் மார்த்தா உயிரோடு இருக்கிறார், நகர நிர்வாகத்தில் பணியாற்றுகிறார். தாய் உயிரோடு இருப்பது சிறிய மாற்றம்போலத் தோன்றும். ஆனால் இரவில் அடிபட்டு வீடு திரும்பும் மகன் காலையில் தாயின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுபது எண்பது ஆண்டுகளாக எந்தப் பேட்மேனுக்கும் இல்லாத சங்கடம் இது.

அவனுடைய உடையை நிதானமாகப் பாருங்கள். மார்பில் உள்ள வௌவால் சின்னம் வெறும் சின்னம் அல்ல. கழற்றினால் கோடரியின் தலை. தலைக்கவசத்தின் இரு காதுகளும் உருவி எடுக்கக்கூடிய கத்திகள். அவன் வண்டி பந்தயக் கார் அல்ல, மண் அள்ளும் ராட்சத லாரி. வாங்க வசதி இல்லாதவன் ஒவ்வொரு பொருளையும் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவான் என்பதை டிராகொட்டா ஓவியத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆல்ஃபிரடும் இங்கே வேலைக்காரர் அல்ல, பிரிட்டிஷ் உளவாளி. புரூஸைத் தூரத்திலிருந்து கண்காணிக்க வந்தவர். பணியாளராக அல்லாமல் தாமே தேர்ந்தெடுத்து அவர் புரூஸின் பக்கம் வரும்போது, அந்த உறவுக்குப் பழைய கதைகளில் இல்லாத மதிப்பு கிடைக்கிறது. பழைய கதைகளில் பேட்மேனின் பகைவர்களாக இருந்த ஆஸ்வால்ட், எட்வர்ட், ஹார்வி, வேலன் ஆகியோர் இங்கே சிறுவயது நண்பர்கள். செல்வம் முழுவதும் ஜோக்கரிடம் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பேன் என்ற வில்லன் வரும் பகுதியில் வன்முறை அளவை மீறிவிடுகிறது. உடல்கள் சிதைவதை இதழுக்கு இதழ் பெரிதாக்கிக் காட்டும்போது, நண்பர்களுக்கு நேர்வதைக் கண்டு வருந்தவேண்டிய மனம் அடுத்த அதிர்ச்சி என்ன என்று எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது.

‘அப்சல்யூட் வொண்டர் வுமன்’ பற்றி இவ்வளவு உயர்வாகப் பேசுவது ஏன்?

பரிவை வலிமையாக எழுதுவது மிகக் கடினம். கெல்லி தாம்சன் அதைச் செய்திருக்கிறார். வொண்டர் வுமனான இந்த டயானாவுக்கு, அமேசான்கள் என்ற போர்வீராங்கனைகளின் தீவு இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே நரகத்தில் தள்ளப்பட்டு, சூனியக்காரி சர்சியால் வளர்க்கப்படுகிறாள். அவள் யாருடைய மகள் என்பதைக் குறிக்கும் சொல்லையே உச்சரிக்க முடியாதபடி கடவுளர் தடுத்திருக்கிறார்கள். பெரிய வாளோடும் பெகாசஸ் என்ற சிறகுள்ள எலும்புக்கூட்டுக் குதிரையோடும் அவள் பூமிக்கு வந்து இறங்கும் படத்தைப் பார்த்தால், இவளும் இன்னொரு கடுகடுப்பான போர்வீராங்கனை என்றே தோன்றும். கதையோ அதற்கு நேர்மாறானது. நரகத்தில் வளர்ந்தவள் என்பதாலேயே, யாரும் எங்கும் கைவிடப்படக்கூடாது என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நரகத்தில் வந்து சிக்கிக்கொண்ட ஸ்டீவ் டிரெவர் என்ற மனிதனை மேலே அனுப்ப அவள் தன் கையையே பலி கொடுக்கிறாள். இப்போது அவளிடம் இருப்பது மந்திரத்தால் ஆன கை. வேறு தொடராக இருந்திருந்தால் அதை ஒரு பெரிய போரின் நடுவில், இசை உச்சத்துக்குப் போகும் இடத்தில் வைத்திருப்பார்கள். இங்கே அது கடந்த காலத்தில், ஏறக்குறைய யாரும் பார்க்காத இடத்தில் நடக்கிறது. புகழும் நன்றியும் எதிர்பார்க்காமல் கொடுத்த கை. ஓவியர் ஹேடன் ஷெர்மன் பக்கத்தை நேர்க்கோட்டுக் கட்டங்களாக அடுக்குவதில்லை. மந்திர வட்டங்களாகவும் சுருள்களாகவும் வளைக்கிறார். வண்ணம் தீட்டும் ஜோர்டி பெலேர் நரகத்துக்குக் கொடுத்த சிவப்பும் கருப்பும், பூமிக்கு வந்தபின் மெல்ல மாறுவதைக் கவனித்துப் பாருங்கள். காமிக்ஸ் துறையின் பெரிய விருதுகளான ஐஸ்னர் விருதுகளில் 2025ஆம் ஆண்டின் சிறந்த புதிய தொடராக இது தேர்ந்தெடுக்கப்பட்டது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

‘அப்சல்யூட் சூப்பர்மேன்’ அந்த அளவுக்கு இல்லை என்கிறார்களே?

தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சாண்டோவல் வரையும் இந்தத் தொடரின் முதல் சில இதழ்களில் கதை சூப்பர்மேன் பிறந்த கிரகமான கிரிப்டானுக்கும் பூமிக்கும் மாறி மாறித் தாவுவதால், யாரோடும் ஒட்ட முடியாமல் போகிறது. தொகுப்பாகப் படித்தபோது என் எண்ணம் மாறியது. இந்தக் கிரிப்டானில் சாதிப்பிரிவு போன்ற வர்க்கப்பிரிவு இருக்கிறது. கால்-எல்லின் (சூப்பர்மேனின் பிறப்புப் பெயர் இது) பெற்றோர் ஆளும் அறிஞர்கள் அல்ல, உழைக்கும் பிரிவினர். மார்பில் உள்ள சின்னமும் உழைப்பாளர்களைக் குறிப்பது. பூமிக்கு வந்த கால்-எல் முதலில் கண்ணில் படுவது பிரேசிலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நடுவே. லோயிஸ் லேன் பத்திரிகையாளர் அல்ல. தொழிலாளர்களைச் சுரண்டும் லாசரஸ் நிறுவனத்தின் முகவர். உழைப்பாளிக் குடும்பத்தின் பிள்ளை சூப்பர்மேன் என்பது புதுமைக்காகச் செய்த மாற்றம் அல்ல. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த சூப்பர்மேனும் தொழிலாளர்களை வஞ்சித்த முதலாளிகளைத் தொடக்க காலத்திலேயே உலுக்கினான். அவ்வகையில் ஆரன் வேருக்கே திரும்பியிருக்கிறார்.

இந்த வரிசையில் எதைத் தவறவிடக் கூடாது?

‘அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்’. அண்மைக் காலத்தில் வந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இதுவே சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆறு இதழ்களாகத் திட்டமிட்டு, வாசகர் வரவேற்பால் பன்னிரண்டாக நீட்டிக்கப்பட்ட தொடர் இது. டெனிஸ் கேம்ப் எழுத்து. ஓவியமும் வண்ணமும் ஸ்பெயினைச் சேர்ந்த ஹாவியர் ரொட்ரிகேஸ்.

ஜான் ஜோன்ஸ் ஒரு எஃப்பிஐ அதிகாரி. குண்டுவெடிப்பு ஒன்றில் உயிர் பிழைத்த பிறகு, அவன் மனத்துக்குள் ஒரு செவ்வாய்க்கிரகவாசி குடியேறுகிறான். அதன் பின் அவனுக்கு மற்றவர்களின் எண்ணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன: தலையிலிருந்து வண்ணப் புகையாகச் சுருண்டு எழும் எண்ணங்கள். தெருவில் நடந்துபோகும் ஒவ்வொருவர் மேலும் வெவ்வேறு நிறப் புகை. அதை நுகர்ந்தால் அவர்கள் மனம் இவனுக்குள் இறங்குகிறது. பறப்பது, சுவரைத் துளைத்துச் செல்வது எல்லாம் இங்கே பெரிதல்ல. அடுத்தவர் படும் துன்பத்தை அவருடைய இடத்திலிருந்தே உணர முடிவதுதான் இவனுடைய ஆற்றல். அந்த ஆற்றல் இருந்தும் இவனுக்குத் தன் மனைவியிடமும் மகனிடமும் நெருங்கி நாலு வார்த்தை பேசத் தெரியவில்லை. குற்றத்தைத் துப்பறியும் காட்சிகளைவிட அந்த வீட்டுச் சமையலறைக் காட்சிகள்தான் என்னை அதிகம் கலக்கின.

ரொட்ரிகேஸின் வண்ணங்கள் அலங்காரம் அல்ல, அவையே கதை. எண்ணம் புரியாத இடத்தில் பக்கம் வெளிறிக் கிடக்கிறது. புரிந்த கணத்தில் நிறம் கட்டத்தின் கோட்டைத் தாண்டி வழிகிறது. ஹசன் ஒட்ஸ்மேன்-எல்ஹாவ் அமைத்த பேச்சுக் குமிழ்களும் எழுத்து வடிவங்களும் அந்தப் புகையோடு சேர்ந்தே நெளிகின்றன. இதைக் கைப்பேசித் திரையில் கட்டம் கட்டமாக உருப்பெருக்கிப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முழுப் பக்கமாகப் பார்த்தால்தான் நிறம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது தெரியும்.

மார்வெலின் அல்டிமேட் வரிசையும் இதுபோன்றதுதானே?

நோக்கம் ஒன்றுதான், வழி வேறு. ஜோனதன் ஹிக்மன் 2023இல் ‘அல்டிமேட் இன்வேஷன்’ மூலம் அடித்தளம் போட்டார். மேக்கர் என்ற தீயவன் காலத்தில் பின்னோக்கிச் சென்று, நாயகர்கள் உருவாகும் தருணங்களையே கிள்ளியெறிந்துவிடுகிறான். பீட்டர் பார்க்கரைச் சிலந்தி கடிக்கவே இல்லை. 2024 ஜனவரியில் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடங்கும்போது அவன் முப்பதுகளில் இருப்பவன்; மேரி ஜேனின் கணவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்; ஏதோ ஒன்று தன் வாழ்வில் நடக்காமல் போய்விட்டது என்ற இனம் தெரியாத குறையோடு வாழ்பவன். டோனி ஸ்டார்க் அவனிடம் அந்தச் சிலந்தியை அனுப்பிவைத்து, முடிவை அவனிடமே விட்டுவிடுகிறான்.

பழைய பீட்டருக்கு அது விபத்து. இந்தப் பீட்டர் வீடு, வேலை, குழந்தைகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தானே கையை நீட்டுகிறான். சித்தப்பா பென் இங்கே உயிரோடு இருக்கிறார், சித்தி மே இறந்துவிட்டார். மனைவியை இழந்த பென்னும் பத்திரிகையாளர் ஜேம்சனும் சேர்ந்து புதிய நாளிதழ் ஒன்றைத் தொடங்கும் பகுதிகள், சண்டைக் காட்சிகளைவிடச் சுவையானவை. மார்க்கோ செக்கெட்டோ வரைந்த அந்த முதியவர்களின் முகங்களில் துக்கமும் பிடிவாதமும் சேர்ந்தே தெரிகின்றன.

இன்னொரு சிறப்பு, இந்த வரிசையில் ஒரு மாதம் கழித்து வரும் இதழில் கதையிலும் ஒரு மாதம் கடந்திருக்கும். பிள்ளைகள் வளர்வார்கள், பண்டிகைகள் வந்துபோகும். ஆனால் இரண்டாம் ஆண்டில் அதுவே தொடரின் வேகத்தைக் கெடுத்தது. முக்கியமான நிகழ்வு இரண்டு இதழ்களுக்கு இடையில் நடந்துமுடிந்திருக்கும். நாம் அதைப் பற்றிய பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். பீச் மொமோக்கோ தாமே எழுதி வரைந்த ‘அல்டிமேட் எக்ஸ்-மென்’, ஜப்பானியப் பள்ளி மாணவிகளைச் சுற்றிய அமானுஷ்யக் கதை. மற்ற எக்ஸ்-மென் கதைகளை எதிர்பார்த்துப் போகாதவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த அல்டிமேட் வரிசையை ஏன் முடிக்கிறார்கள்?

கதையிலேயே கெடு இருந்தது. மேக்கர் தன் நகரத்துக்குள் அடைபட்டிருக்கிறான், இரண்டு ஆண்டுகளில் அது திறக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். ‘அல்டிமேட் எண்ட்கேம்’ 2025 டிசம்பரில் தொடங்கியது. 2026இல் வரிசை நிறைவடைகிறது. நண்பர்கள் பலருக்கு இதில் வருத்தம். எனக்கும் அந்தப் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகள் வளர்வதைப் பார்க்க ஆசை இருந்தது. இருந்தாலும் விற்கிற வரை இழுத்து, உப்புச் சப்பில்லாமல் நீர்த்துப்போக விடாமல், சொன்ன கெடுவுக்குள் முடிப்பதை நான் மதிக்கிறேன். 2000இல் தொடங்கிய முதல் அல்டிமேட் வரிசை 2015 வரை ஓடியது. அதன் கடைசி ஆண்டுகளில் தொடக்கத்தின் துடிப்பு மிஞ்சவில்லை என்பது அதை வாசித்தவர்களுக்குத் தெரியும்.

செத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள்; பிறகு எதற்குக் கவலைப்பட வேண்டும்?

வாசகரின் கோபம் நியாயமானது. 1992இல் சூப்பர்மேன் இறந்தான், அடுத்த ஆண்டே திரும்பினான். அந்த வெற்றிக்குப் பிறகு மரணம் ஒரு விற்பனை உத்தியாகவே ஆகிவிட்டது. அண்மைக் காலத்தில் என்னை மிகவும் புண்படுத்தியது கமலா கானின் மரணம். மிஸ் மார்வெல் என்ற அந்த பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண், தனக்கென நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட சொந்தத் தொடரில் வளர்ந்தவள். 2023இல் அவளைத் தன் கதையில்கூட அல்ல, ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 26ஆம் இதழில், ஸ்பைடர்மேனின் துயரத்தைக் கூட்டுவதற்காகக் கொன்றார்கள். இரண்டே மாதத்தில் எக்ஸ்-மென் சிறப்பிதழில் உயிர்த்தெழ வைத்து மியூட்டன்ட் (பிறவியிலேயே ஆற்றல் கொண்டவள்) ஆக்கினார்கள். அவளை நேசித்தவர்களுக்குத் துக்கப்படவும் நேரம் தரவில்லை, அந்தத் துக்கத்துக்குப் பொருளும் தரவில்லை.

இதற்கு நேரெதிரான சான்று, வழக்கமான பேட்மேன் கதைகளில் புரூஸை வளர்த்த பணியாளர் ஆல்ஃபிரட். 2019இல் ‘பேட்மேன்’ 77ஆம் இதழில் பேன் அவரைக் கொன்றான். அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும், எழுத்தாளர்கள் பலர் மாறியும், முதன்மைத் தொடரில் அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. புரூஸ் தேநீர் போட்டுக்கொள்ளும் காட்சிக்குக்கூட அதனால் ஒரு கனம் வந்துவிட்டது.

எக்ஸ்-மென் இப்போது எப்படி?

2019இல் ஹிக்மன் தொடங்கிய, கிராகோவா என்ற தீவின் பெயரால் அழைக்கப்படும் காலம், மியூட்டன்ட்களுக்கு ஒரு நாட்டையும் மொழியையும் கொடுத்தது. மரணத்தை வென்று மீண்டும் பிறக்கும் முறையையும் கொடுத்தது. மரணத்தை ஒளித்துவைத்து விளையாடாமல் அதையே கதையின் அடிப்படை விதியாக்கினார்கள். அதனால் சாவுக்குப் பதில் வேறு எதை இழக்க முடியும் என்ற கேள்வி எழுந்தது. 2024இல் அது முடிந்து, ஜெட் மெக்கேயும் கெயில் சிமோனும் எழுதும் புதிய தொடர்கள் வந்தன. சிமோனின் ‘அன்கேனி எக்ஸ்-மென்’ லூசியானாவில் ஒரு குடும்பம்போல ஒண்டி வாழும் சிறு குழுவைப் பற்றியது, அன்பாக எழுதப்பட்டிருக்கிறது. எனினும் ஒரு நாட்டையே இழந்த மக்களின் துயரத்தை இந்தத் தொடர்கள் விரைவாகக் கடந்துவிட்டன என்பது என் மனக்குறை.

பல தொடர்களை ஒரே கதையில் இணைக்கும் பெரிய நிகழ்வுத் தொடர்களை வாசிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விதிவிலக்காக, ரயன் நார்த் எழுதிய ‘ஒன் வேர்ல்ட் அண்டர் டூம்’ தொடரைச் சொல்வேன்: உலகத்தின் பேரரசனாகத் தன்னை அறிவித்துக்கொண்ட டூம் (இவன் மார்வெலின் வழக்கமான உலகத்து டூம், ரீட் ரிச்சர்ட்ஸ் அல்ல), மக்களுக்கு உண்மையிலேயே நல்லதும் செய்தால் அவனை எதிர்ப்பவர்கள் எந்த நியாயத்தைச் சொல்லி எதிர்ப்பது என்று அது கேட்கிறது. முதன்மை இதழ்களை மட்டும் வாசித்தாலே போதும்.

வழக்கமான தொடர்களில் நல்லவை இல்லையா?

இருக்கின்றன. அதே ரயன் நார்த் 2022 முதல் எழுதிவரும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பெரும்பாலும் ஒரே இதழில் முடியும் அறிவியல் புதிர்க்கதைகள். முதல் இதழில் அந்தக் குழுவின் பாறை உடம்புக்காரன் பென்னும் அவன் மனைவி அலிசியாவும் ஒரே நாள் மீண்டும் மீண்டும் நிகழும் ஊரில் போய்ச் சிக்குகிறார்கள். பென் அங்கே காட்டும் பொறுமை, பாறை உடம்பைவிட அவனுக்குப் பொருத்தமான ஆற்றல். மார்க் வெய்டும் டான் மோராவும் படைத்த ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’, சூப்பர்மேனும் பேட்மேனும் நண்பர்களாக இருப்பதன் மகிழ்ச்சியை மறந்துபோனவர்களுக்கான தொடர். 2025 செப்டம்பரில் மாட் ஃபிராக்ஷனும் ஹோர்ஹே ஹிமெனெஸும் தொடங்கிய புதிய ‘பேட்மேன்’, அடிப்பதைவிட ஆற்றுவதில் அக்கறை காட்டும் பேட்மேனை முன்வைக்கிறது.

இதழ் எண்கள் ஏன் அடிக்கடி ஒன்றிலிருந்து தொடங்குகின்றன?

‘முதல் இதழ்’ என்று போட்டால் அதிகம் விற்கும், அவ்வளவே. ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 2022இல் ஒன்றிலிருந்து தொடங்கியது, 2025இல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. பல சமயம் புதிய மொந்தையில் பழைய கள்தான். எண்ணைப் பார்க்காமல் எழுத்தாளர், ஓவியர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பெயர் மாறும் இடத்தில் கதை மாறுகிறது என்பது விரைவில் பிடிபட்டுவிடும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்க முடியுமா?

ஓர் இதழ் இப்போது பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். அதாவது இருபது சொச்சம் பக்கங்களுக்கு ஏறத்தாழ 400 ரூபாய்; இறக்குமதிச் செலவு தனி. நம் ஊரிலிருந்து மாதாமாதம் தனி இதழ்களை வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு முறை நான் இணையத்தில் வாங்கிய மூன்று இதழ்கள், அட்டைகூட வைக்காத உறையில், நடுவில் மடிந்து வந்துசேர்ந்தன. அதன்பின் தொகுப்பு நூல்களுக்கு மாறிவிட்டேன். டிசி 2024இல் தொடங்கிய சிறிய அளவுப் பதிப்புகள் 9.99 டாலருக்கு ஒரு முழுக் கதையைத் தருகின்றன; ஸ்னைடரின் ‘கோர்ட் ஆஃப் அவுல்ஸ்’ அதில் கிடைக்கிறது. படங்கள் சற்றுச் சுருங்குவதால் ‘அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்’ போன்ற ஒன்று அந்த அளவில் வந்தால் வாங்க வேண்டாம். மார்வெலின் சந்தாச் செயலியில் புதிய இதழ்கள் ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து வந்துவிடும். காத்திருக்கும் மனம் இருந்தால் அதுவே சிக்கனம்.

ஒரே கதைக்குப் பத்துப் பதினைந்து அட்டைப்படங்கள் அச்சிடுவதும், எந்த அட்டை உள்ளே இருக்கிறது என்று தெரியாதபடி மூடிய பையில் விற்பதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. வாசிக்க விரும்பும் இளைஞரின் பணத்தைச் சூதாட்டம்போல் கறக்கும் வேலை அது. 2025 ஜனவரியில் பல பத்தாண்டுகளாக இத்துறையின் முதுகெலும்பாக இருந்த டயமண்ட் விநியோக நிறுவனமே திவால் மனு கொடுத்தது. இந்த நிலையில் வாசகரை நெடுங்காலம் தக்கவைப்பதே பதிப்பாளர்களுக்கும் நல்லது.

குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

அப்சல்யூட் வரிசையைச் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ‘அப்சல்யூட் பேட்மேன்’ கண்டிப்பாக வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இரண்டும் பொருந்தும். முதலில் நீங்கள் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கலையை என்ன செய்யும்?

டிசியின் தலைவரும் ஓவியருமான ஜிம் லீ, 2025 அக்டோபரில் நியூயார்க் காமிக் கான் என்ற காமிக்ஸ் விழாவில், இயந்திரம் உருவாக்கிய கதையையும் ஓவியத்தையும் டிசி ஏற்காது என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த உறுதியை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். சீகலும் ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டவர்கள். பேட்மேனை உருவாக்கியதில் பில் ஃபிங்கருக்கு இருந்த பங்கு 2015இல்தான் முறையாக அங்கீகரிக்கப்பட்டது, அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். படைத்தவரின் பெயரை மறைத்த வரலாறு உள்ள ஒரு துறை, படைப்பவரே தேவையில்லை என்ற இடத்துக்குப் போய்விடக் கூடாது.

அப்சல்யூட் வரிசையும் ஒருநாள் முடிய வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

ஆம், முடிய வேண்டும். ஆனால் முடியும்போது இரண்டு உலகங்களும் மோதி, யாரோ ஒருவர் காலத்தைத் திருப்பி, பறிபோனவை எல்லாம் ஒரே பக்கத்தில் திரும்பக் கிடைத்துவிடும் முடிவு எனக்கு வேண்டாம். புரூஸின் தந்தை அந்த மிருகக்காட்சி சாலைக் கதவுக்கு இப்பால் இறந்தவராகவே இருக்கட்டும். ஜான் ஜோன்ஸ் தன் மகனிடம் பேசக் கற்றுக்கொள்ளட்டும், ஆனால் பேசாமல் வீணான ஆண்டுகள் வீணானவையாகவே இருக்கட்டும். டயானா கடைசிப் பக்கத்தில் யாரையாவது தூக்கிவிடக் கை நீட்டுவாள் என்று நம்புகிறேன். நீட்டுவது அந்த மந்திரக் கையாக இருக்க வேண்டும்.